ஆறு வரிசை மண்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று சந்தே சொல்லும். சொல்லட்டும். பத்தொன்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவள் நான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, நெற்றியில் எண்ணெய் சொட்டச் சொட்ட வேலை பார்த்தவளிடம் தேனொழுகப் பேச்சு வருமா? டிப்போவை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. அதன் பின்முற்றம் மட்டும் எங்கள் சந்தின் சுவரை ஒட்டி அப்படியே கிடந்தது. தார் காய்ச்சி ஊற்றியதுபோல் கறுப்பு. மழை பெய்தால் குட்டைகளின் மேல் எண்ணெய் மினுங்கும்.

அந்த எண்ணெய் வானத்திலிருந்து விழவில்லை. எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயை டிரம்மில் சேர்த்து, டிரம் நிறைந்ததும் உருட்டிக்கொண்டு போய்ப் பின்னால் கவிழ்ப்போம். கவிழ்க்கச் சொன்னது நிர்வாகம், கவிழ்த்தது நாங்கள். சந்தில் ஏழு வீடு, ஏழும் டிப்போக்காரர்கள் வீடுதான். சந்து முனையில் ஒரு கைப்பம்பு இருக்கிறது. அடித்தால் தண்ணீர் வரும், கூடவே டீசல் வாடையும் வரும். குடிக்க, சமைக்க, இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் குடம் பிடிக்கிறோம்.

என் மகள் வெளியூரில் இருக்கிறாள். குழந்தையோடு என்னைப் பார்க்க வரும்போது தோளில் ஒரு கனத்த பை இருக்கும். பைக்குள் தண்ணீர் பாட்டில்கள். பெற்றவள் வீட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு வருகிறாள்! குழந்தையின் காலைக் கழுவக்கூட அந்தப் பம்பை அடிக்க விடமாட்டாள். அவளைச் சொல்லி என்ன பயன்? ஆனால் அந்தப் பாட்டில்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும்.

போன வருஷம் நிர்வாகத்து இன்ஜினியர் வந்தார். முற்றத்தின் மேல் ஒரு சாண் கனத்துக்குக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டு, லாரி நிறுத்த விடப்போகிறார்களாம்.

"மூடிட்டா கண்ணுக்கே தெரியாதும்மா" என்றார்.

"கண்ணுக்குத் தெரியாது சார். பம்புக்குத் தெரியுமே" என்றேன்.

கான்கிரீட் மேலேதான் மூடும். உள்ளே இருக்கிற எண்ணெய் அது பாட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மூடிய பிறகு அதைத் தோண்ட யார் வரப்போகிறார்கள்? நானும் சந்துப் பெண்களும் கேட்டை மறித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போது எங்களுக்குக் கைகொடுத்தவள் மண் பரிசோதனைக் கூடத்துப் பெண். சந்தில் அவளுக்கு மண் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

"இந்த எண்ணெயைத் தின்னுற கிருமி இந்த மண்ணுக்குள்ளேயே இருக்கு அக்கா" என்றாள். "பாவம், காத்து இல்லாம, ஈரம் இல்லாம சுருண்டு கிடக்கு. காத்தும் தண்ணியும் கொஞ்சம் எருவும் குடுங்க. மீதியை அது பாத்துக்கும்."

அவள்தான் நிர்வாகத்தோடு பேசி ஏழு மாதம் வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு ஒரு கிலோ மண்ணில் இருபத்து நாலு கிராம் எண்ணெய் இருந்தது. ஏழு மாத முடிவில் அது பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் வேலை தொடரலாம். வராவிட்டால் கான்கிரீட். இதுதான் பேச்சு.

முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினோம். தோண்டிய மண்ணில் மரத்தூளும் எருவும் கலந்து, இடுப்பு உயரத்துக்கு நீள நீளமாக ஆறு வரிசை குவித்தோம். தோண்ட முடியாத அடிமண்ணில், வேர் ஆழமாக இறங்குகிற புல்லை விதைத்தோம். வேர் போகிற வழியில் காற்றும் போகும், கிருமியும் போகும் என்றாள் மண் டாக்டர். நாலு நாளைக்கு ஒருமுறை ஆறு வரிசையையும் மண்வெட்டியால் புரட்ட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்குவோம். உருண்டை உடையவும் கூடாது, விரலிடுக்கில் தண்ணீர் கசியவும் கூடாது. வேலை நடக்கிற வரிசைக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருக்கும். முதல்முறை அந்தச் சூட்டைத் தொட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. "தின்னுங்கடி, நல்லாத் தின்னுங்க" என்று மண்ணோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

டிப்போவில் வண்டிச் சாமான்களை டீசலில் கழுவின கழுவல் அக்கா, வயது அறுபதுக்கு மேல், என்னைவிட வேகமாகப் புரட்டுவாள். கண்டக்டராக இருந்த டிக்கெட் மாமா மட்டும் மண்வெட்டியைத் தொடமாட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்த ஓரத்தை விட்டுட்டே பாரு" என்பார். எந்த வம்பிலும் தலையைக் கொடுக்காமல் ரிட்டயர் ஆன மனிதர்.

அப்புறம் என் தம்பி. என்னோடுதான் இருக்கிறான், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. சுத்தம் என்றால் அவனுக்கு உயிர். வீட்டுக்குள் வந்தாலே ஆஸ்பத்திரி வாடையும் கூடவே வரும். அதனால் சந்தில் அவன் பெயர் பினாயில்.

"இருபது வருஷமா கிருமியைக் கொல்லத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நீ என்னடான்னா அதுக்கு வேளாவேளைக்குச் சோறு போடறே" என்பான்.

"வாயை மூடிட்டு மண்ணைப் புரட்டுடா" என்பேன். புரட்டுவான். என் பேச்சைத் தட்டியதே இல்லை.

இரண்டாம் மாதம் இன்ஜினியர் பார்வையிட வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில், முதல் இரண்டு வரிசைக்கு முன்னால் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இந்த நாத்தம் ஒண்ணு போதும் உங்க வேலையை நிறுத்த. சுகாதாரக் கேடுன்னு எழுதினா முடிஞ்சது" என்றார். "எரு நாறாம பின்னே மணக்குமா?" என்று நான் பிடித்துக்கொண்டேன். தம்பி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மாதாமாதம் மண் டாக்டர் ஆறு வரிசையிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து, ஒரே வாளியில் கலந்து, அதில் கொஞ்சம் கொண்டு போய்ச் சோதிப்பாள். ஆறுக்கும் தனித்தனியாகச் செய்ய அவளுக்கு வசதி இல்லை. எண்ணெய் குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் அவள் நினைத்த வேகத்தில் குறையவில்லை. முதல் இரண்டு வரிசையில் மண் சில்லென்று இருப்பதை நான் கவனித்திருந்தேன். கேட்டு வழியாகக் காற்று அடிக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டேன் பாருங்கள், அந்த மடத்தனத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழாம் மாதம் நிர்வாகத்து ஆட்கள் வந்து, அதேபோல் ஆறிலும் எடுத்துக் கலந்துகொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்து மண் டாக்டர் காகிதத்தோடு வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பன்னிரண்டே முக்கால் அக்கா. முக்கால் கிராம் தாண்டிடுச்சு. நாளைக்குக் காலையில கான்கிரீட் வண்டி வருது."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முக்கால் கிராம்! ஏழு மாதம் இடுப்பொடியப் புரட்டினது முக்கால் கிராமில் போகிறதா?

அவள் சும்மா இருக்கவில்லை. ஆறு வரிசையிலிருந்தும் ஆறு பையில் மண்ணை அள்ளிக்கொண்டு போய், அன்றைக்கு மத்தியானமே தனித்தனியாகச் சோதித்துவிட்டு ஓடி வந்தாள். மூன்றிலிருந்து ஆறு வரையிலான வரிசைகளில் ஒன்பது கிராம். முதல் இரண்டில் மட்டும் இருபது! அந்த மண்ணைப் பாட்டிலில் அடைத்து, உள்ளே கிருமி மூச்சு விடுகிறதா என்று ஒரு கருவியால் பார்ப்பாள். மற்ற நாலும் மூச்சு விட்டன. இந்த இரண்டில் ஒன்றுமே இல்லை.

"செத்துக் கிடக்கு அக்கா. யாரோ எதையோ ஊத்தியிருக்காங்க."

நான் முதல் வரிசைக்குப் போய், கை நிறைய மண்ணை அள்ளி முகர்ந்தேன். எருவுக்கும் டீசலுக்கும் அடியில் இன்னொரு வாடை. தினமும் என் வீட்டுக்குள் வருகிற வாடை.

தம்பி வாசலில் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். மண்ணோடு போய் நின்றேன்.

"என்னடா ஊத்தினே இதுல?"

என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. "தரைக்கு ஊத்தற மருந்துக்கா. காசு குடுத்துத்தான் வாங்கினேன், ஆஸ்பத்திரியில இருந்து எடுக்கல" என்றான். "அந்த ஆள் நாத்தம்னு சொன்னார்ல? அதை வெச்சே நிறுத்திடுவேன்னு மிரட்டினார்ல? அதான் வாராவாரம் வேலை விட்டு வரும்போது, கேட்டுப் பக்கத்துல இருக்கற ரெண்டுல மட்டும் ஊத்திட்டு வந்தேன். உனக்கு ஒத்தாசையா இருக்கும்னு..."

"ஒத்தாசையா? அஞ்சு மாசமா நான் சோறு போட்டு வளத்ததை நீ விஷம் வெச்சுக் கொன்னிருக்கே!"

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். சந்தே வாசலுக்கு வந்து பார்த்தது. கடைசியில், "நாத்தம் போனா ஜெயிச்சிடலாம்னு நினைச்சேன்க்கா" என்றான். அவனை அடிக்கவும் மனசு வரவில்லை, அணைக்கவும் மனசு வரவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

மண் டாக்டர் பின்னாலேயே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தால், கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது.

"அக்கா, எழுந்திருங்க. உங்க தம்பி என்ன பண்ணியிருக்கார் தெரியுமா? வெயில்ல காஞ்சுதான் எண்ணெய் குறையுது, கிருமியாவது மண்ணாவதுன்னு இன்ஜினியர் சொல்லிட்டே இருக்கார்ல? ஆறு வரிசைக்கும் ஒரே வெயில், ஒரே காத்து, ஒரே மண்வெட்டி. கிருமி செத்த ரெண்டுல எண்ணெய் அப்படியே நிக்குது. உயிரோட இருக்கற நாலுல ஒன்பதுக்கு வந்துடுச்சு. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

யோசித்தேன். அவள் சொல்வது நியாயம்தான். "அந்த ஆள் கேப்பாரா?" என்றேன்.

"கேக்க மாட்டார்" என்றாள். "அவங்க ஃபைல்ல என்ன எழுதி வெச்சிருக்காங்க தெரியுமா? எண்ணெய் எப்படி வந்துச்சுன்னு தெரியவில்லைன்னு. தெரியலன்னா மேல மூடினாப் போதும். யார் ஊத்தினதுன்னு தெரிஞ்சா, பம்புத் தண்ணி சுத்தமாகற வரைக்கும் அவங்கதான் பொறுப்பு. மூடிட்டுப் போக முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரியவில்லையாமே! எத்தனை சூப்பர்வைசர்கள் பக்கத்தில் நின்று கவிழ்க்கச் சொன்னார்கள்! தெரியவில்லையாம்!

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கான்கிரீட் வண்டி கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. முதுகில் அந்தப் பெரிய பீப்பாய் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இறங்கினார். சந்து முழுக்கக் கேட்டுக்கு உள்பக்கம் நின்றோம். டிக்கெட் மாமாகூட நாற்காலியோடு வந்திருந்தார்.

மண் டாக்டர் ஆறு வரிசைக் கணக்கையும் அவர் கையில் கொடுத்து, வரிசை வரிசையாகக் காட்டி விளக்கினாள். பொறுமையாகக் கேட்பதுபோல் தலையை ஆட்டினார்.

"ரொம்ப நல்லது. ஆக, ரெண்டு வரிசையை நீங்களே கெடுத்துக்கிட்டீங்க. பேச்சு என்ன? ஆறும் சேர்ந்து பன்னிரண்டுக்குக் கீழ. வரல. வழியை விடுங்க."

"சார், ரெண்டு வரிசைக்கு இன்னும் ஆறு மாசம் குடுங்க" என்றாள் அவள்.

"யார் ஊத்தினது?" என்றார் அவர், எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே. "பரிசோதனையைக் கெடுத்தது யாருன்னு எழுத்துல வேணும். ஃபைலுக்கு."

என் தம்பி முன்னால் வந்தான். ராத்திரி வேலை முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தான். "நான்தான் சார். எங்கக்காவுக்குத் தெரியாது" என்றான்.

"அப்படியா? நல்லது. எழுதிக் கையெழுத்துப் போடு."

மேலிடத்துக்கு அனுப்ப அவருக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஒரு காகிதத்தை எடுத்து ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து, பேனாவை நீட்டினார். தம்பி குனிந்து, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை கிருமிநாசினி ஊற்றினேன் என்று எழுதினான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐந்து மாதம் தப்பாக ஒன்றை ஊற்றினவன் பெயர் ஃபைலில் ஏறுகிறது. பத்தொன்பது வருஷம் ஊற்றியதற்கு மட்டும் 'தெரியவில்லை' என்றா இருக்க வேண்டும்?

"பேனாவைக் குடுடா" என்றேன்.

"அக்கா, நீ எதுக்கு..."

"குடுடாங்கறேன்!"

அவன் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினேன். 'நான் இந்த டிப்போவில் பத்தொன்பது வருஷம் மெக்கானிக். எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயை, நிர்வாகத்தின் உத்தரவுப்படி, மாதத்துக்கு நாலு டிரம் இந்த முற்றத்தில் கவிழ்த்தேன். அந்த எண்ணெயை எடுத்து முடிப்பதற்குள் முற்றத்தை மூட விடமாட்டேன்.' முழுப் பெயரையும் எழுதி, டிப்போவில் எனக்குக் கொடுத்திருந்த நம்பரையும் போட்டேன்.

இன்ஜினியருக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா இது? இதெல்லாம் யார் கேட்டது?"

"நீங்கதானே கேட்டீங்க? யார் ஊத்தினது, எழுத்துல வேணும்னு."

"உங்க மேல கேஸ் வரும். புரியுதா? பென்ஷனுக்கே வேட்டு வெச்சுக்கறீங்க."

"வரட்டும். கோர்ட்டுல வந்து, ஊத்தச் சொன்னது யாருன்னும் சொல்லிட்டுப் போறேன்."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க பாருங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதைக் கிழிச்சுடறேன். நீங்களும் மறந்துடுங்க."

"கிழிங்க. இன்னொண்ணு எழுதறேன். எனக்கென்ன கையா வலிக்கப் போகுது?"

மண் டாக்டர் அதற்குள் செல்போனில் அந்தக் காகிதத்தைப் படம் பிடித்துவிட்டாள். அவர் கை அப்படியே நின்றது.

கழுவல் அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "எனக்குக் கொஞ்சம் இடம் விடுடி. நான் ஊத்தினது டீசல், அதைத் தனியா எழுதணும்." அவளுக்குப் பின்னால் டிப்போவில் டயர் மாட்டினவர், பெயிண்ட் அடித்தவர், பேட்டரி அறையிலிருந்தவர் மனைவி. அவள் புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. "அவருக்குப் பதிலா நான் எழுதறேன், வாழ்ந்தது அவர்கூடத்தானே" என்றாள். ஸ்கூட்டரைச் சுற்றி வரிசை நின்றுவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ள இத்தனை பேர் முண்டியடித்து நான் பார்த்ததில்லை. என் தம்பி காகிதத்தின் ஓரத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

கான்கிரீட் வண்டிக்காரன் ஹாரனை அடித்தான். தலையை வெளியே நீட்டி, "சார், சீக்கிரம் சொல்லுங்க, உள்ளே இறுகிடும்!" என்று கத்தினான்.

இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனார். யாரிடமோ மெல்லிய குரலில் பேசினார். கேட்டார், பேசினார், மறுபடியும் கேட்டார். திரும்பி வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டிக்காரனைப் பார்த்துக் கையை வீசினார். "திருப்பு, வேற எங்கயாவது கொண்டு போய்க் கொட்டு" என்றார். எங்களிடம், "மேலிடத்துல முடிவாகிற வரைக்கும் எதையும் மூட மாட்டாங்க. காகிதத்தைக் குடுங்க, நான் போகணும்" என்றார்.

வண்டி பின்வாங்கிச் சந்தைவிட்டு வெளியேறியது. யாரும் கைதட்டவில்லை. கழுவல் அக்கா மட்டும் தரையில் காறித் துப்பினாள்.

நான் காகிதத்தை எடுத்து இன்ஜினியரிடம் நீட்டப் போனேன். பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் டிக்கெட் மாமா. நாற்காலியை விட்டு எழுந்து வந்திருந்தார்.

"நான் ஒரு சொட்டுகூட ஊத்தினதில்லைம்மா" என்றார். "நீங்கள்லாம் டிரம்மை உருட்டிக்கிட்டுப் போவீங்க. நான் அந்த ஜன்னல்ல நின்னு டீ குடிச்சுக்கிட்டே பாத்துட்டிருப்பேன். தப்புன்னு தெரியும். வாயைத் திறக்கல. அதை எழுதலாமா?"

"எழுதலாம் மாமா" என்றேன்.

"நேரமாகுது, குடுங்கம்மா" என்று இன்ஜினியர் கையை நீட்டினார்.

"இருங்க சார். இன்னும் ஒருத்தர் பாக்கி."

மாமா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடிக்கும் வரை இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தார்.